வடை மடித்த காகிதமும் ஒரு சிலந்தியின் கண்ணும்

"ஏம்மா, தயிர்ச் சட்டிக்குப் பக்கத்துல எட்டுக்கால் பூச்சி குடியிருக்கு. இது எப்போலேர்ந்து?"

ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து பிடித்தபடி அத்தை கேட்டார். என் மாமியாருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். அன்றைக்கு நன்றாகவே இறங்கியிருந்தது. அவர் கையில் இருந்தது, மகள் பாசிமணி போட்டுவைக்கும் குட்டி பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு தாவும் சிலந்தி, குளிரில் கால்களை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"பத்து நிமிஷம்தான் அத்தை. போட்டோ எடுத்துட்டு விட்டுடுவேன்."

"அதுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக் குடு" என்று சொல்லிவிட்டு, தயிர்ச் சட்டியை எடுத்துக்கொண்டு போனார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை.

அது 2020. ஊரடங்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டிருந்த நேரம். எங்கள் வீடு ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்தில். பின்கட்டில் ஒரு மாமரம், ஒரு முருங்கை, கறிவேப்பிலை, செம்பருத்தி. பீரோவில் ஒரு டி.எஸ்.எல்.ஆர். கேமரா சும்மா கிடந்தது. ஒரு கொடைக்கானல் பயணத்துக்கும் இரண்டு காதுகுத்துக்கும் வெளியே வந்ததோடு சரி.

ஒருநாள் செல்போனில், அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த தாமஸ் ஷஹான் என்பவர் எடுத்த தாவும் சிலந்திப் படங்களைப் பார்த்தேன். நான்கு ஜோடியாக எட்டுக் கண்கள். முன்னால் இரண்டு மட்டும் பெரிய கோலிகுண்டு மாதிரி. புருவம் வைத்தது போல முடி. இது நம் வீட்டுச் சுவரில் ஓடுகிற அதே பூச்சிதானே! அவர் பழைய லென்ஸ்களைத் திருப்பிப்போட்டும், கையால் செய்த விளக்கு மறைப்புகளை வைத்தும் படமெடுப்பவர் என்று படித்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

முதலில் முறையான மேக்ரோ லென்ஸ் விலையைத்தான் விசாரித்தேன். என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்கு அந்தச் சிலந்திக்கே ஒரு பவுன்ல சங்கிலி போடலாமே" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

லென்ஸைத் திருப்பி மாட்டுவதில் மந்திரம் ஒன்றும் இல்லை. சாதாரண லென்ஸின் வேலை, பெரிய உலகத்தைச் சின்ன சென்சாருக்குள் சுருக்கிக் கொடுப்பது. யானையைத் தபால்தலைக்குள் அடைக்கிற வேலை. அதையே முன்பின்னாகத் திருப்பினால் வேலையும் திரும்பிவிடுகிறது, தபால்தலை யானையாகிறது. அதோடு, லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே இடைவெளி கூடக்கூட உருவம் இன்னும் பெரிதாகும்.

திருச்சியில், கடையை மூடிக்கொண்டிருந்த ஒரு ஸ்டுடியோக்காரரிடம் ஃபிலிம் காலத்து 50 எம்.எம். லென்ஸ் ஒன்று கிடைத்தது. பழைய லென்ஸில் ஒரு வசதி: துவாரத்தைச் சுருக்கவும் விரிக்கவும் லென்ஸ் மேலேயே ஒரு வளையம் இருக்கும். இன்றைய லென்ஸ்கள் பலவற்றில் அது கிடையாது. கேமராவோடு தொடர்பு அறுந்தால் அவை சொன்னபடி கேட்காது.

மற்றதெல்லாம் ஹார்டுவேர் கடை சமாசாரம். ஒன்றரை அங்குல பி.வி.சி. குழாயில் ஐந்து சென்டிமீட்டர் துண்டு. கேமராவின் வாயை மூடும் பிளாஸ்டிக் மூடியின் நடுவில் வட்டமாக ஓட்டை போட்டு, குழாயின் ஒரு முனையை எம்-சீல் வைத்து அதில் ஒட்டினேன். மறுமுனையில், உடைந்துபோன ஒரு ஃபில்டரின் கண்ணாடியை எடுத்துவிட்டு, அதன் வளையத்தை மட்டும் ஒட்டினேன். அந்த வளையத்தில் லென்ஸின் முன்பக்க மரை அழகாக உட்கார்ந்துகொண்டது. முதல் குழாய் கோணல், இரண்டாவது நேர். ஒரு விஷயம் மட்டும் மறக்கக் கூடாது. அறுத்த குழாயின் தூளைக் கழுவித் துடைத்துக் காயவைத்த பிறகுதான் கேமராவில் மாட்ட வேண்டும். இல்லையென்றால் அவ்வளவு தூளும் சென்சாரில் போய் உட்காரும்.

முதல் படத்தின் நடுவில் புகைபோல ஒரு வெண்மை. குழாயின் உள்சுவர் வெளுப்பாக இருந்ததால், வெளிச்சம் அதில் பட்டுத் தெறித்திருக்கிறது. மகளின் கறுப்புச் சார்ட் பேப்பரைச் சுருட்டி உள்ளே செருகினேன். புகை போய்விட்டது.

எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. பள்ளிக்கூட ஸ்கேலைப் படமெடுத்தால் போதும். என் கேமராவின் சென்சார் சுமார் 22 மில்லிமீட்டர் அகலம். படத்தில் தெரிந்ததோ ஸ்கேலின் 12 மில்லிமீட்டர். அப்படியென்றால், நிஜ அளவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மொத்தச் செலவு, லென்ஸைத் தவிர்த்து, ஐந்நூறு ரூபாய்க்குள்.

அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் காலையில் ஒரு படம்கூடத் தேறவில்லை!

சிக்கல் இரண்டு. ஒன்று, ஃபோகஸ் ஆகும் ஆழம். இரு மடங்குப் பெரிதாக்கும்போது, துவாரத்தை நன்றாகச் சுருக்கி எஃப் 11-ல் வைத்தாலும், தெளிவாகத் தெரியும் ஆழம் சுமார் மூன்றில் ஒரு மில்லிமீட்டர்தான். அரிசியின் தடிமன்கூட அதைவிட அதிகம். சிலந்தியின் கண் தெளிவாக இருந்தால் கால் மங்கும். கால் தெளிந்தால் கண் போய்விடும். இரண்டாவது, இருட்டு. துவாரத்தைச் சுருக்கினால் வெளிச்சம் குறையும். இடையில் குழாயைச் செருகியதால் இன்னும் குறையும். இரு மடங்குப் பெரிதாக்கும்போது, சாதாரணமாகக் கிடைப்பதில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு வெளிச்சம்தான் சென்சாருக்கு வந்து சேரும். அந்த இருட்டில் படம் பதிய, ஷட்டர் அரை நொடியாவது திறந்திருக்க வேண்டும். அரை நொடி அசையாமல் உட்காரும் சிலந்தியை யார் பார்த்திருக்கிறார்கள்?

அப்போதுதான் அந்தக் குறுக்குவழி கண்ணில் பட்டது. பூச்சிகளுக்கும் சிலந்திகளுக்கும் உடம்புச் சூடு வெளியே உள்ள சூட்டைப் பொறுத்தது. குளிர்ந்தால் அசைவு குறையும். ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால், சில நிமிடங்களுக்குச் சிலைபோல் இருக்கும். பலரும் செய்கிறார்கள் என்று தெரிந்ததும் மனசு சமாதானமாகிவிட்டது. தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் சிலந்தி வந்தது அப்படித்தான்.

நான்கு சிலந்திகள் நன்றாகவே எழுந்து ஓடின. படங்களும் சுமாராக வந்தன. ஐந்தாவது கொஞ்சம் துடுக்கு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த அரை நிமிடத்தில் மேஜையை விட்டுத் தாவிவிட்டது. மறுபடி பிடித்து, "ரெண்டே நிமிஷம்" என்று ஃப்ரீசரில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து அலுவலகத்திலிருந்து போன். பேசி முடித்து, அடுத்ததாக இன்னொரு போன். ஞாபகம் வந்தபோது நாற்பது நிமிடம் ஓடியிருந்தது.

டப்பாவை ஜன்னலோரம் வெயிலில் வைத்தேன். மகள் அப்போது நாலாம் வகுப்பு. ஆன்லைன் வகுப்பை விட்டுவிட்டு வந்து, டப்பாவுக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தாள்.

"எப்பம்மா எழுந்துக்கும்?"

"எழுந்துக்கும். கொஞ்சம் பொறு."

மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதும் அவள் அங்கேயேதான் இருந்தாள். சாயங்காலம் வந்து கேட்டாள். "அம்மா, நாம கொன்னுட்டோமா?"

நான் சொன்னேன்: "இல்லடா கண்ணு. அதுக்கு வயசாயிருக்கும்."

அந்தப் படம் நன்றாக வந்திருந்தது. அதுவரை எடுத்ததிலேயே அதுதான் தெளிவு. உயிர் இல்லாததால் துளிகூட அசையவில்லை. எட்டுக் கண்ணும் துல்லியம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கைதட்டும் பொம்மைகளாக வந்து குவிந்தன. ஒவ்வொன்று வரும்போதும் எனக்குத் தொண்டையில் ஏதோ அடைத்தது. இரவோடு இரவாக அந்தப் படத்தை அழித்துவிட்டேன். கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை மூடினேன்.

மூன்று வாரம் தொடவில்லை. ஆனால் யோசனை நிற்கவில்லை. பூச்சி அசையக் கூடாது என்று நான் ஏன் பிடிவாதம் பிடித்தேன்? வெளிச்சம் போதாததால். வெளிச்சத்தின் குறைக்குத் தண்டனை பூச்சிக்கு! அப்படியென்றால் சரிசெய்ய வேண்டியது வெளிச்சத்தை அல்லவா?

சித்தப்பா ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் போட்டோ எடுத்தவர். அவருடைய பழைய ஃப்ளாஷ் ஒன்று பரணில் இருந்தது. புது பேட்டரி போட்டதும் விசில் மாதிரி ஒரு மெல்லிய ஓசையோடு உயிர் வந்தது. கேமராவில் மாட்டப் போனவளை, டி.வி. ரிப்பேர் செய்ய வந்திருந்த மெக்கானிக் அண்ணன் தடுத்தார். "கொஞ்சம் இருங்கம்மா" என்று ஃப்ளாஷின் அடிப்பாகத்தில் மல்ட்டிமீட்டரை வைத்தார். முள் இருநூறு வோல்ட்டைத் தாண்டி நின்றது.

"பழைய ஃப்ளாஷ்ல பலதும் இப்படித்தாம்மா. அந்தக் காலத்து கேமராவுல வெறும் சுவிட்சு, தாங்கிக்கும். உங்க கேமராவுல உள்ள இருக்கிறது பூரா எலெக்ட்ரானிக்ஸ். மாட்டுனா போச்சு." அதோடு இன்னொன்றும் சொன்னார்: "பேட்டரியக் கழட்டியாச்சுன்னு நெனச்சு இதத் திறந்துடாதீங்க. உள்ள கப்பாசிட்டர்ல முந்நூறு வோல்ட் வரைக்கும் நிக்கும். தூக்கி அடிச்சிடும்."

வீட்டில் பழைய ஃப்ளாஷ் வைத்திருப்பவர்கள் இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மூவாயிரம் ரூபாய்க்குள் புதிதாக ஒரு ஃப்ளாஷ் வாங்கினேன். ஆட்டோமேட்டிக் எதுவும் இல்லை. வெளிச்சத்தை எவ்வளவு கூட்டுவது, குறைப்பது என்று நாமேதான் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு அதுவே போதும்.

ஃப்ளாஷ் எனக்குக் கொடுத்தது வெளிச்சம் மட்டும் இல்லை, நேரம். ஃப்ளாஷுக்குள் கப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம், செனான் வாயு அடைத்த குழாய்க்குள் ஒரு நொடியில் பாய்ந்து வெளிச்சமாகிறது என்று நினைத்திருந்தேன். ஒரு நொடி எங்கே, அது எங்கே! முழு வலுவில் வெடித்தாலே ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியை ஒட்டித்தான் வரும். வலுவைக் குறைக்கக் குறைக்க நேரமும் சுருங்கும். மிகக் குறைந்த வலுவில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் கீழே போய்விடும். துவாரத்தைச் சுருக்கி, ஷட்டரை இருநூறில் ஒரு பங்கு நொடியில் வைத்தால், சுற்றியுள்ள வெளிச்சம் படத்தில் பதிவதே இல்லை. ஃப்ளாஷ் மின்னிய அந்தக் கணம் மட்டும்தான் பதியும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஹரால்ட் எட்ஜர்டன், பால் துளி தெறித்துக் கிரீடமாக எழும்பும் புகழ்பெற்ற படத்தை 1957-ல் இப்படித்தான் எடுத்தார். தெறிக்கிற பாலையே நிறுத்த முடியுமென்றால், மீசையை ஆட்டுகிற பூச்சி எம்மாத்திரம்?

இனி எதையும் குளிரவைக்க வேண்டாம். எதையும் பிடிக்கவே வேண்டாம். அது இருக்கும் இலையிலேயே இருக்கட்டும், நாம் போகலாம்.

ஆனால் முதல் ஃப்ளாஷ் படங்களைப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது. அசைவு நின்றிருந்தது, உண்மைதான். வண்டின் முதுகு டியூப்லைட் அடியில் வைத்த எவர்சில்வர் டம்ளர் மாதிரி பளீர் என்று மின்னியது. நிழல் கன்னங்கரேல். கண்ணில் ஊசிப் புள்ளியாக வெள்ளை. போலீஸ் ஸ்டேஷனில் எடுத்த படம்போல இருந்தது.

இதற்கு விடை நம் வீட்டு முற்றத்திலேயே இருக்கிறது. உச்சி வெயிலில் நிழல் வெட்டினாற்போல விழும். மேகம் மூடிய நாளில் நிழலே தெரியாது. சூரியன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், தூரத்தில் இருப்பதால் நமக்கு ஒரு சின்ன வட்டம்தான். மேகமோ வானம் முழுக்க விரிந்த விளக்கு. வெளிச்சம் மென்மையாக வேண்டுமென்றால், பூச்சி இருக்கும் இடத்திலிருந்து பார்க்கும்போது விளக்கு பெரிதாகத் தெரிய வேண்டும். அதற்கு இரண்டே வழி: விளக்கைப் பெரிதாக்கு, இல்லை பக்கத்தில் கொண்டுவா. திருப்பி மாட்டிய லென்ஸுக்கும் பூச்சிக்கும் நடுவே சில சென்டிமீட்டர்தான் இடைவெளி. அங்கே ஒரு தபால் அட்டை அளவு வெள்ளைக் காகிதத்தை விரித்தாலே, சிலந்திக்கு அது வானம்.

அந்த வானத்தைச் செய்யத்தான் எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

முதலில் இட்லித் துணி. பழசு, லேசான மஞ்சள் ஏறியிருந்தது. படத்தில் எல்லாப் பூச்சிக்கும் மஞ்சள் பூசினாற்போல் ஆகிவிட்டது. வெளிச்சம் வடிகட்டும் பொருள் தூய வெள்ளையாக இருக்க வேண்டும் என்பது முதல் பாடம். அடுத்து தெர்மாகோல் தட்டு. வெளிச்சம் அழகு, ஆனால் கெட்டியாக இருந்ததால் பாதியை அதுவே குடித்துவிட்டது. ஃப்ளாஷை முழு வலுவுக்கு ஏற்ற வேண்டியதாயிற்று. வலு ஏறினால் நேரம் நீளும். அசைவு மறுபடி தெரியும். பேட்டரியும் சீக்கிரம் தீரும். பால் கேன், நெய் டப்பா, கேக் பெட்டியின் மூடி என்று வரிசையாகப் பார்த்தேன். அத்தை சமையலறையில் எந்த டப்பாவைத் தேடினாலும், "உங்க அம்மாவக் கேளு" என்று மகளிடம் சொல்ல ஆரம்பித்தார்.

ஒருநாள் சாயங்காலம் கடையிலிருந்து வடை வந்தது. மடித்திருந்த வெள்ளைக் காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடிபோல ஒளிர்ந்தது. காகிதம் என்பது நார்களின் பின்னல்; நாருக்கும் நாருக்கும் நடுவே காற்று. அந்தக் காற்றில் முட்டி முட்டித்தான் வெளிச்சம் சிதறித் திரும்புகிறது. காற்று இருந்த இடத்தை எண்ணெய் நிரப்பினால், வெளிச்சம் சுலபமாக ஊடுருவும். சட்டென்று அந்தக் காகிதத்தைக் கத்தரித்து ஃப்ளாஷ் முன்னால் கட்டினேன். வெளிச்சம் அருமை! ஐந்து நிமிடத்தில், நான் படமெடுக்கப் போன எறும்புகள் எல்லாம் கேமரா மேலேயே ஏறி வந்துவிட்டன. வடை வாசனை.

பிறகுதான் ராபர்ட் ஹூக்கைப் பற்றிப் படித்தேன். 1665-ல் லண்டனில் வெளியான 'மைக்ரோகிராஃபியா' என்ற அவருடைய நூல், நுண்ணோக்கி வழியே பார்த்த ஈ, எறும்பு, தெள்ளுப்பூச்சி ஆகியவற்றின் பெரிய பெரிய சித்திரங்களைக் கொண்டது. ஹூக்குக்கும் இருட்டுதான் சிக்கல். அவர் என்ன செய்தார் தெரியுமா? பொருளுக்கு மிகப் பக்கத்தில் எண்ணெய் தடவிய காகிதத் துண்டு ஒன்றை வைத்து, பூதக்கண்ணாடியால் வெளிச்சத்தைக் குவித்து அதன்மேல் பாய்ச்சினார். பக்கத்தில் வை, பரப்பிக் கொடு. நான் ஒரு வருடம் முட்டி மோதிக் கண்டதை, அவர் 355 வருடங்களுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டார்.

அதே புத்தகத்தில் எறும்பைப் பற்றியும் இருக்கிறது. உயிரோடு இருந்தால் நிற்க மாட்டேன் என்கிறது. கொன்றால் உருவம் கெட்டுவிடுகிறது. கடைசியில் ஹூக் எறும்புக்கு பிராந்தி கொடுத்துவிட்டார். அது ஒரு மணி நேரத்துக்கு மேல் மயங்கிக் கிடந்தது. பிறகு எழுந்து ஓடியது. படித்ததும் சிரித்தேன். அப்புறம் பாசிமணி டப்பா ஞாபகம் வந்தது. அவருடைய எறும்பு எழுந்து ஓடியது.

இப்போது என்னிடம் இருப்பது ஏழாவது டிஃப்யூசர். உருளைக்கிழங்கு சிப்ஸ் வரும் உருளை டின் ஒன்றைச் சாய்வாக வெட்டி, உள்ளே அலுமினியத் தாள் ஒட்டி, ஃப்ளாஷின் வாயில் செருகியிருக்கிறேன். அது வெளிச்சத்தைச் சிந்தாமல் லென்ஸின் மூக்குவரை கூட்டிவரும் வாய்க்கால். வாய்க்காலின் முடிவில் டிரேசிங் பேப்பர் இரண்டு அடுக்கு, லென்ஸைச் சுற்றிக் குடைபோல வளைத்து. இரண்டு அடுக்குக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருப்பது முக்கியம். முதல் அடுக்கில் விழுந்த வெளிச்சம் அந்த இடைவெளியில் பரவி, இரண்டாவது முழுக்க ஒரே சீராக நிரம்பும். ஒட்டியே வைத்தால் நடுவில் மட்டும் பளீரென்று இருக்கும். எல்லாவற்றையும் கட்டி வைத்திருப்பது ரப்பர் பேண்டும் வெல்க்ரோவும்தான். காலையில் இதைத் தூக்கிக்கொண்டு பின்கட்டில் நிற்கும்போது, "என்ன, கோயில் மைக்செட்டா?" என்று பக்கத்து வீட்டு மாமா கேட்காத நாள் குறைவு.

படமெடுக்கும் முறையும் மாறியது. ஃபோகஸ் வளையத்தைத் திருப்புவதே இல்லை. இடது கையால் இலையின் காம்பையோ கிளையையோ மெல்லப் பிடித்துக்கொண்டு, லென்ஸை அதே கையின்மேல் சாய்த்துக்கொள்வேன். கிளை ஆடினால் கேமராவும் சேர்ந்து ஆடும். இருவருக்கும் நடுவே தூரம் மாறாது. மூச்சை விட்டுக்கொண்டே, மயிரிழை அளவு முன்னும் பின்னும் சாய்ந்து, கண் பளிச்சென்று தெரியும்போது அழுத்துவேன். முப்பது எடுத்தால் இரண்டு தேறும். பூச்சி போக நினைத்தால் போகட்டும். முதல் விதி அதுதான்.

2022, மாம்பூ உதிர்ந்து பிஞ்சு விட்டிருந்த சமயம். மாமரத்தில் முசுறு கூடு கட்டியிருந்தது. இலைகளை இழுத்துப் பிடித்து, தங்கள் புழுக்கள் சுரக்கும் பட்டு நூலால் தைத்துக்கொள்ளும் சிவப்பு எறும்புகள். கடித்தால் உயிர் போகும். நானும் மகளும் தள்ளி நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் அப்போது ஆறாம் வகுப்பு.

"அம்மா, அந்த எறும்பு மட்டும் ஏன் தனியா இருக்கு?"

கூட்டிலிருந்து விலகி, ஓர் இலையின் நுனியில் ஓர் எறும்பு. அதே செம்மண் நிறம், அதே இடுப்பு. மீசை இரண்டையும் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தது. கேமராவைக் கொண்டு போனேன். எறும்பு என்னைத் திரும்பிப் பார்த்தது. எறும்புக்குக் கண் பக்கவாட்டில் இருக்கும். இப்படி நேராகத் திரும்பிப் பார்க்காது. அழுத்தினேன். நான்கைந்து படம்தான். இலையிலிருந்து ஒரு நூலில் தொங்கி, கீழே இறங்கிப் போய்விட்டது.

கேமராவின் திரையில் படத்தைப் பெரிதாக்கினோம். மகள் கால்களை எண்ணினாள். "ஆறு... ஏழு... எட்டு! அம்மா, எட்டு!"

மீசை என்று நினைத்தது முன்னங்கால்கள். அது எறும்பே இல்லை. எறும்பு வேடம் போட்ட தாவும் சிலந்தி. அறிவியல் பெயர் மிர்மாபிளாட்டா பிளாட்டாலியாய்டிஸ் என்று பின்னர் தேடித் தெரிந்துகொண்டோம். கடிக்கிற முசுறைக் கண்டு மற்ற பிராணிகள் ஒதுங்குமே, அந்தப் பயத்தில் இதுவும் பிழைத்துக்கொள்கிறது. இத்தனை வருடமாக எங்கள் மாமரத்தில் அது இருந்திருக்கலாம். நாங்கள் எறும்பு என்றே நினைத்திருப்போம்.

இரவு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். முன்னால் இரண்டு பெரிய கண்கள். ஒவ்வொரு கண்ணிலும் ஒரு வெள்ளைப் பிறை. மகள் இன்னும் பெரிதாக்கினாள். பிறையின் ஓரத்தில் மெல்லியதாக ஒரு கோடு.

"அம்மா, இது நீ ஒட்டின செலோ டேப்!"

ஆமாம். சிலந்தியின் கண்ணில் என் டிரேசிங் பேப்பர். அதன் நடுவில் கறுப்பு வட்டமாக லென்ஸ். ஈயின் கண்ணுக்குள் தன் ஜன்னலையும், வெளியே நின்ற மரத்தையும், தன் கை விரல்களையும் பார்த்ததாக ஹூக் எழுதியிருக்கிறார். பூச்சியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இது தவறாமல் நடக்கும்போல. உற்றுப் பார்த்தால், நாம் எதைத் தூக்கிக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றோமோ, அது அதன் கண்ணில் தெரிந்துவிடுகிறது. இறந்துபோன சிலந்தியின் படத்தை நான் அழித்துவிட்டேன். அதன் கண்ணில் என்ன தெரிந்திருக்கும் என்று யோசித்தேன். எங்கள் வீட்டு டைனிங் டேபிள் தெரிந்திருக்கும். கேமராவோடு குனிந்து நிற்கும் நானும் தெரிந்திருப்பேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா" என்றேன். "நீ நாலாவது படிக்கும்போது ஒரு சிலந்தி செத்துப்போச்சே, அதுக்கு வயசாகல. நான் ஃப்ரீசர்ல வெச்சுட்டு மறந்துட்டேன். நான்தான் கொன்னேன். உன்கிட்ட பொய் சொன்னேன்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்மா. அன்னைக்கே பாட்டிகிட்ட கேட்டேன். 'உங்கம்மாவே சொல்லுவா, அதுவரைக்கும் கேட்காதே'ன்னாங்க."

அடுத்த அறையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அத்தைக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனால் எட்டிப் பார்க்கவில்லை.

மகள் இப்போது ஒன்பதாம் வகுப்பு. சிப்ஸ் டின் வாய்க்கால் கனமாக இருக்கிறது என்று, எட்டாவது டிஃப்யூசரை அவளே செய்துகொண்டிருக்கிறாள். முன்பக்கத்தில் டிரேசிங் பேப்பரை இணைக்கும்போது ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கிறாள். ஒட்டு தெரியக் கூடாதாம். "சிலந்தி கண்ணுல செலோ டேப் தெரியுதும்மா, அசிங்கமா இருக்கு."

பாசிமணி டப்பா மறுபடி பாசிமணிக்கே போய்விட்டது. ஃபிரிட்ஜில் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் இப்போது மாவுப் பாத்திரம் இருக்கிறது. இருந்தாலும், கதவைத் திறந்ததும் அத்தை முதலில் ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் கையை உள்ளே விடுகிறார்.